பாதித் தேங்காய்

"கரடியெண்டால் கையெடுத்துக் கும்பிடுமோ?" என்றார் அன்புராசா. விடியக் குளிருக்குத் தலையோடு போர்த்திய புசுபுசுவென்ற பழுப்புப் போர்வையை அவர் இன்னும் கழற்றவில்லை.

"வடிவாச் சொல்லுங்கோ, என்ன கண்டனீங்கள்?" என்று கேட்டாள் மனைவி பேர்ணடெற்.

"லேக்குக்குள்ளாலை எழும்பினது. ஆளுயரம். முதுகு, நெஞ்செல்லாம் மயிர். ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிண்டது. என்னைக் கண்டதும் ஓவெண்டு கத்திச்சுது. கையிலை இருந்ததாலை எறிஞ்சுபோட்டு ஓடி வந்திட்டன்."

"கையிலை என்ன இருந்தது?"

"மண்ணிலை விழுந்ததெண்டு கழுவத் தந்தீரே, தேங்காய்ப் பாதி."

"நல்ல வேலை. இனி வாற ஆக்களுக்கு எதிலை சம்பல் இடிக்கிறது?"

ரொறொன்ரோவிலிருந்து இவ்வளவு தூரம் காம்பிங் வந்தது இதற்குத்தானா என்று அன்புராசாவுக்கு வெறுத்துப்போனது.

மகள் ஷரோன் போனை நீட்டினாள். "டாடி, உது சாஸ்க்வாட்ச். காட்டுக்குள்ளை திரியிற மயிர் மனுசன். இஞ்சை பாருங்கோ, பார்க் ஒஃபீஸ்காரர் இப்பதான் வெப்சைட்டிலை போட்டிருக்கினம். லேக்கடியிலை வேறை ஒருத்தரும் கண்டவராம். பிறவுண் மயிராம், முகமே தெரியேல்லையாம். எதாலையோ எறிஞ்சதாம்."

"பாத்தியோ, எறியவும் செய்யுதாம். சாமானைக் கட்டுங்கோ, வீட்டை போவம்."

"துஷாந்தின்ரை அப்பா அம்மா வருகினமெல்லோ" என்றாள் ஷரோன். "அவை சைவம், நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எண்டு ஒரு வருசமா இழுத்து, இண்டைக்குத்தான் கலியாணம் கதைக்க ஓமெண்டவை. இப்ப போனால் எல்லாம் முடிஞ்சுது, டாடி."

அன்புராசா குழம்பிப் போனார். பயம் ஒரு பக்கம் இழுத்தது, மகளின் முகம் ஒரு பக்கம் இழுத்தது. கடைசியில் மகள்தான் வென்றாள். "சரி, இருப்பம்" என்று போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

சற்று நேரத்தில் கார் வந்து நின்றது. துஷாந்த் இறங்கினான். பின்னால் அவன் அம்மா, கடைசியாக அப்பா சண்முகநாதன். சட்டைக் கழுத்துக்கு மேலே மயிர் அடர்ந்து தெரிந்தது. நெற்றித் திருநீற்றின் நடுவே பெரிய வீக்கம்.

"குறை நினையாதையுங்கோ, அண்ணை, சுணங்கிப் போச்சு" என்றார் அவர். "நேற்றே வந்து அங்காலை தங்கினனாங்கள். காலமை லேக்குக்குள்ளை முழுகிப்போட்டுச் சூரியனைக் கும்பிடேக்கை, சாஸ்க்வாட்ச் ஒண்டு எறிஞ்சுபோட்டுது. பார்க் ஒஃபீசிலை சொல்லிப்போட்டுத்தான் வாறன். ஆனால் ஒண்டுதான் விளங்கேல்லை. கனடாக் காட்டுக்குள்ளை அதுக்கு உது எங்காலை கிடைச்சுது?"

அவர் பையிலிருந்து பாதித் தேங்காயை எடுத்தார். பேர்ணடெற், கணவரின் தோளுக்கு நழுவியிருந்த போர்வையை மெல்ல உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.