முதல் கியரின் புகார்

"இன்னிக்குள்ள அந்த ஒத்தை ஸ்டார் போகணும். இல்லைன்னா நீ போகலாம்மா, டிஜிட்டல்!"

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தட்டிய தட்டில் மேசை மேலிருந்த சாவிக்கொத்து ஒரு குதி குதித்தது.

டிஜிட்டல் என்பது அவள் பெயரல்ல. ஸ்கூலை இணையத்தில் பிரபலமாக்கித் தருகிறேன் என்று அவள் வந்த நாளிலிருந்து மாஸ்டர் அப்படித்தான் கூப்பிடுகிறார். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவளுக்கு இவர்தான் முதல் வாடிக்கையாளர். இப்போதைக்கு ஒரே வாடிக்கையாளரும் இவர்தான். இதுவும் கைநழுவினால் பழைய முதலாளி முன்னால் போய்ப் பல்லிளித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வேலையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. வீடியோ எடுத்துப் போட்டாள், விளம்பரம் கொடுத்தாள். வண்டி ஓட்டக் கற்க எங்கே போகலாம் என்று யார் தேடினாலும் இந்த ஸ்கூல் முதலில் வந்து நிற்கிற மாதிரி செய்துவிட்டாள். வந்து நின்றதுதான் வினை. ஸ்கூல் பெயருக்குக் கீழேயே, 'முதல் கியர்' என்ற பெயரில் யாரோ எழுதிய விமர்சனமும் வந்து நின்றது.

'நன்றாகச் சொல்லித் தருவார். ஆனால் வண்டி ஆஃப் ஆனால் இவர் வாய் ஆன் ஆகிவிடும். மண்டையில் மூளை இருக்கிறதா என்று கேட்பார். ஒழுங்காக ஓட்டினாலோ ஒரு வார்த்தை பாராட்டு வராது. ஒரு ஸ்டார்.'

அதற்கு லைக் வேறு குவிந்து கிடந்தது. புதிதாகச் சேர நினைப்பவர்கள் போன் செய்து, "மாஸ்டர் ரொம்பத் திட்டுவாராமே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

"எதிர்த்தெரு ஸ்கூல்காரன் வேலைதான் இது. அழிச்சிடு," என்றார் மாஸ்டர்.

"நம்மால அழிக்க முடியாது சார். எழுதினவங்கதான் மாத்தணும். நாம பதில்தான் போடலாம்."

"அப்போ போடு. தைரியம் இருந்தா நேர்ல வான்னு போடு."

"அய்யோ சார், அதைப் பாத்தா வர்றவங்களும் ஓடிடுவாங்க. நாம மன்னிப்புக் கேக்கணும்."

"மன்னிப்பா? நானா?"

மாஸ்டர் திரும்பி, பக்கத்து மேசையில் இருந்த மனைவியைத் துணைக்கு அழைத்தார். போன் எடுப்பது, ஆள் சேர்ப்பது, யாருக்கு எப்போது வகுப்பு என்று பார்ப்பது எல்லாம் அந்த அம்மாள்தான்.

"நீயே சொல்லு. நான் கத்துற ஆளா?"

"என்னை எதுக்குங்க இழுக்கறீங்க? உங்ககிட்ட வண்டி கத்துக்கிட்டவங்களைக் கேளுங்க," என்றார் அவர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "சரி, 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்'னு போட்டு முடி."

"அது கரண்ட் கட்டுக்குப் போடுற நோட்டீஸ் சார். இது நீங்க பேசுற மாதிரி இருக்கணும். நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன். எதுக்கு சார் அப்படிக் கத்துறீங்க?"

மாஸ்டர் முறைத்தார். மழுப்பினார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு குரல் இறங்கி வந்தது.

"பயம்மா. பிரேக் என் காலடியிலயும் இருக்கு, இல்லேங்கல. ஆனா ஸ்டியரிங் அவங்க கையில. ஏதாவது ஆயிடுமோன்னு உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்தப் பயம் வெளியில வரும்போது கோவமா வந்துடுது."

"நல்லா ஓட்டினா?"

"பெருமையாத்தான் இருக்கும். சொல்லத்தான் வாய் வர மாட்டேங்குது."

அவள் ஒரு எழுத்து விடாமல் தட்டி முடித்தாள். கடைசியில், 'உங்களைத் திட்டினது என் தப்பு. நீங்க நல்லாத்தான் ஓட்டினீங்க. மன்னிச்சிடுங்க' என்று சேர்த்து, திரையை மாஸ்டரிடம் காட்டினாள்.

மாஸ்டர் கசப்பு மருந்து குடிப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "போட்டுத் தொலை."

போட்டாள். அப்புறம் காத்திருந்தாள். வகுப்புக்கு வந்த ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றாள். மாஸ்டர் அவளிடம், "உக்காரும்மா, பயப்படாதே," என்று சொன்னதே ஆச்சரியமாக இருந்தது. டிஜிட்டல் மட்டும் போன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டிங் என்று போன் சிணுங்கியது.

'முதல் கியர்' தன் விமர்சனத்தை மாற்றியிருந்தார். நான்கு ஸ்டார்! 'தப்பை ஒப்புக்கொள்ள மனசு வேண்டும். அது இவருக்கு இருக்கிறது. தைரியமாகச் சேரலாம்.'

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள் அவள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாஸ்டரோ அதை வாய்விட்டு ஒரு முறை படித்தார். வாசலில் நின்ற பெண்ணுக்குக் கேட்கட்டும் என்று மறுபடியும் படித்தார்.

"கெட்டிக்காரிம்மா நீ! அடுத்த வருஷமும் நம்ம ஸ்கூலுக்கு நீதான்," என்றவர், சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆனா மிச்சம் ஒரு ஸ்டாரை எதுக்கு அமுக்கி வெச்சிருக்காங்க? அதையும் எப்படியாவது வாங்கிடு."

வண்டி கிளம்பிப் போயிற்று. ஆச்சரியம், வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பையை மாட்டிக்கொண்டு புறப்பட்ட டிஜிட்டலை வழியனுப்ப மாஸ்டரின் மனைவி வாசலுக்கு வந்தார்.

"அந்தக் கடைசி ஸ்டாருக்கு என்னக்கா பண்றது?" என்று கேட்டாள் அவள்.

அந்த அம்மாள் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ கவலைப்படாதம்மா. இன்னிக்கு உன்னை விட்டு எழுத வெச்ச மன்னிப்பை, வீட்டுக்கு வந்து என் மூஞ்சியைப் பாத்து ஒரு தடவை சொல்லட்டும், அதையும் போட்டுடறேன்."