வேலிக்கு அப்பால் முட்டைக்கோஸ்

இந்தக் கதையில் சிரிப்பு நிச்சயம் உண்டு. வருவது நத்தை என்பதால் கொஞ்சம் தாமதமாகும்.

மழை விடுவதற்குள் பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோஸைத் தின்றுவர, நத்தை வீட்டோடு புறப்பட்டது. வேலியில் ஒளிந்திருந்த மைனா, காவல் தவளையின் குரலில் அதட்டியது: "நில்லுங்க. விதி மாறிடுச்சு. வீட்டோட வர்றவங்க கிழக்கு மூலையில முத்திரை வாங்கணும்."

"சரிங்கய்யா."

நத்தை இரண்டு நாள் ஊர்ந்தது. அங்கே மைனா ஓணான் குரலில், "மறுபடி மாறிடுச்சு. இனி மேற்கு மூலை" என்றது.

"ஆகட்டுங்கய்யா."

மைனா மேற்கே பறந்து, காக்கைக் குரலைப் பழகியபடி நான்கு நாள் காத்திருந்தது. நத்தை வரவேயில்லை. தேடிப் போனால், அது முட்டைக்கோஸ் மேல் ஏறிச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

"முத்திரை எங்கே?" என்றது மைனா, தவளைக் குரலில்.

"கிழக்கு மூலையோட வேலி முடிஞ்சுபோச்சு, சுத்தி வந்துட்டேன். பறக்கிற உனக்கு அது எங்க தெரியும், தம்பி?"

மைனாவுக்குச் சொந்தக் குரலே வந்துவிட்டது. "அப்ப, நான்தான்னு தெரியுமா?"