ஒற்றைக் காலில் நின்ற கொக்கு

காட்டுக் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் ஓர் இளம் ஒட்டகம் இருந்தது. அது கழுத்தை நீட்டினாலே பந்து கூடைக்குள் விழுந்துவிடும். அந்த வருஷம் சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேடின. பெயர் கொடுத்தால் கல்லூரி ஆட்டம் அதோடு சரி. ஒட்டகம் தன் பயிற்சியாளரான கொக்கிடம் யோசனை கேட்டது.

"அவசரப்படாதே தம்பி," என்றது கொக்கு, ஒற்றைக் காலில் நின்றபடி. "இடது பக்கம் நீ இன்னும் தடுமாறுகிறாய். என்னைப் பார், சின்ன மீன் போனால் போகட்டும் என்று நிற்கிறேனே. பெரிய மீன் வரும்வரை பொறுக்கணும்."

"அதற்குள் முழங்கால் போய்விட்டால் யார் கூப்பிடுவார்கள், சார்?"

"வாயைக் கழுவு! நான் கூடவே இருந்து உன்னை ஆளாக்குகிறேன்."

ஒட்டகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெயர் கொடுக்கும் கடைசி நாளும் போயிற்று.

மறுநாள் காலை மைதானத்தில் கொக்கைக் காணோம். கூடைமேல் உட்கார்ந்திருந்த காகம், "சாரைப் பெரிய அணியில் கூப்பிட்டார்கள், போய்விட்டார்," என்றது.

"பெரிய மீனோ?"

"ம்ஹும். துணைப் பயிற்சியாளருக்குத் துணையாம். ஆனால் தூக்கிய காலைக் கீழே வைக்கக்கூட சார் நிற்கவில்லை."