தோட்டத்து விசில்

விசில் கேட்டதும் அச்சகக்காரர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். இரண்டு நீட்டல், கடைசியில் ஒரு சுழிப்பு. வீடு திரும்பும்போதெல்லாம் அவர் மகன் அடிக்கிற அதே விசில்.

செருப்பைக்கூடத் தேடாமல் தோட்டத்துக்கு ஓடினார். இலை உதிர்ந்த மரமும் பனியில் நனைந்த புல்லும்தான் இருந்தன. குளிர் உள்ளங்காலில் சுருக்கென்று ஏறியது.

"இன்னைக்கும் கேட்டுச்சா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. "எல்லாம் உங்க பிரமை. உள்ள வாங்க, சளி பிடிச்சுக்கும்."

பிரமையாகவே இருக்கட்டும். அச்சகத்துக்கு வரமாட்டேன் என்று மகன் சொன்னதற்காக, கொளுத்தும் வெயில் காலத்தில், "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று கத்தியவர் அவர்தானே. அவனும் ரோஷக்காரன், அன்றைக்குப் போனவன்தான்.

குளிர் தொடங்கியதிலிருந்து விடிந்தால் இந்த விசில். வேலையில் மனம் ஒட்டவில்லை. நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே விட்டுவிட்டு அச்சடித்துத் தொலைத்தார்.

உள்ளே வந்தார். மனைவி தடித்தடியாக ரொட்டி வெட்டி வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது யாருக்கு?"

"தோட்டத்துக்கு வர்ற பறவைங்களுக்கு."

"காக்கா குருவிக்கெல்லாம் இப்ப வெண்ணெய் கேக்குதா?"

"குளிர் காலமில்ல. தெம்பு வேணாமா."

மறுபடியும் விசில். திரும்ப ஓடினார். இந்த முறை அண்ணாந்து பார்த்தார். மொட்டைக் கிளையில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஒரு கறுப்புப் பறவை. தொண்டையைப் புடைத்து, மகனின் விசிலை அப்படியே அடித்தது.

இவ்வளவுதானா? சிரிக்கத்தான் நினைத்தார். கண்தான் கலங்கியது.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் சுவருக்கு அப்பால் பைனாகுலரோடு நின்றிருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்ப்பவருக்கு, காலையிலாவது மரத்தைப் பார்த்தாக வேண்டும்.

"டாக்டர், என் பையன் விசில் இதுக்கு எப்படித் தெரியும்?"

"இங்கதான் எங்கயாவது கேட்டிருக்கும் சார். நாலு தடவை கேட்டாப் போதும், அப்படியே பிடிச்சுக்கும்." பைனாகுலரை இறக்காமலே சொன்னார். "தலையில பழுப்பு இன்னும் மாறல பாருங்க. இந்த வருஷக் குஞ்சு. குளிருக்குத்தான் முதல் தடவையா இந்தப் பக்கம் வந்திருக்கு."

டாக்டர் உள்ளே போய்விட்டார். அச்சகக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். மகன் போனது வெயில் காலத்தில். இது வந்தது குளிருக்கு. அப்படியானால் யார் அடித்து இது கேட்டது?

மெல்லத் திரும்பினார். சமையலறை வாசலில் மனைவி, ரொட்டிப் பொட்டலத்தைப் பின்னால் மறைத்தபடி நின்றாள்.

"அவன் இங்க வர்றானா?" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தோட்டத்தோட போயிடுறான். வாசப்படியை மிதிக்கிறதே இல்ல."