நீலப் பாப்பியின் முதல் மொட்டு

பூட்டான் தலைநகர் திம்புவின் பொதுப் பூங்காவில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் உக்யென், அன்று காலை கல்யாணம் நிச்சயிக்கும்போது கழுத்தில் போடும் வெண்பட்டுத் துண்டொன்றை அங்கியின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு பனிமூட்டத்தினூடே நடந்தான். "என்னைக் கட்டிக்கிறியா?" என்று அவன் கேட்டபோதெல்லாம், "நீலப் பாப்பி மொட்டு விடட்டும், சொல்றேன்" என்றே தோட்டக்காரி சோக்கி இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்தாள். முந்தைய நாள் மாலை அந்தச் செடியில் ஒரு மொட்டைக் கண்டிருந்தான்.

பாத்தியை நெருங்கியவன் திகைத்து நின்றான். சோக்கி குனிந்து, அந்த மொட்டை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமே! பாவம், அந்த மொட்டு என்ன பண்ணுச்சு?"

"வந்ததும் வராததுமா என்ன சண்டை?"

"நீ மலையிலேருந்து விதை கொண்டுவந்து வளர்த்த ஒரே செடி. அதையே கிள்ளிட்டியே!"

"டிக்கெட் கிழிக்கிறவருக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்?" என்று சோக்கி சிரித்தாள். "முதல் மொட்டைப் பூக்கவிட்டா, பூத்த கையோட இது செத்துப்போயிடும். கிள்ளிட்டா வேர் பருத்து, வருஷா வருஷம் பூக்கும்."

"அப்போ என் பதிலுக்கு இன்னும் ஒரு வருஷமா?"

அவள் மொட்டை அவனுடைய அங்கி மடிப்புக்குள் போட்டாள். விரல்களில் பட்டுத் துண்டு தட்டுப்பட்டது. அதை உருவி, தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் இது பூக்கிறதைப் பார்க்க, நம்ம வீட்டுலேருந்து சேர்ந்தே வரலாம்."