சிவப்பு வரும் கட்டம்

"வாங்க மேடம், வாங்க! காலையிலேர்ந்து உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்."

கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று தயங்கி நின்ற பெண்மணி திடுக்கிட்டார். "என்னையா?"

"பின்னே யாரை? உக்காருங்க." ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. டாக்டர்கள் சீட்டில் கிறுக்குவதை நிறுத்தி, மருந்தைக் கம்ப்யூட்டரில் எழுத வைத்ததே அவர்தான். அந்தக் கிறுக்கலை மருந்துக்கடைக்காரர் ஒருவரால்தான் படிக்க முடியும். அவரும் பாதி குத்துமதிப்பாகத்தான் கொடுப்பார். புது முறை பாதுகாப்பானதா என்று சோதிக்க மேலிடத்திலிருந்து இன்று ஒரு அம்மா வருகிறார். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் மறுபடி பேனா, மறுபடி சீட்டு. வருஷக்கணக்கான உழைப்பு அம்போ! சாதாரண ஜனங்கள் மாதிரி வந்து நின்று, போட்டு வாங்குவதில் அந்த அம்மா கெட்டிக்காரர் என்று வேறு பேச்சு.

"காபி சொல்லட்டுமா மேடம்?"

"வேண்டாம் தம்பி. சீக்கிரம் வார்டுக்குப் போகணும்."

வார்டையும் விடமாட்டார் போலிருக்கிறதே என்று அதிகாரிக்கு உதறல் எடுத்தது.

"ஒரு சந்தேகம் கேக்கணும்னு வந்தேன். டாக்டர் தப்பான மருந்து எழுதினா இந்தக் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுடும்னு சொல்றாங்களே, நெஜமா?"

"விட்டா டாக்டரையே திட்டும்! யாராவது ஒரு நோயாளியைச் சொல்லுங்க. போட்டே காட்டிடறேன்."

பெண்மணி யோசிக்கவே இல்லை. "அம்பத்தெட்டு வயசு. ஆம்பளை. இதயத்துல வால்வு மாத்தியிருக்கு. ரத்தம் கட்டிக்காம இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடறார். மாடிப்படியில வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிப் போச்சு. பிடிவாதம் ஜாஸ்தி. ஊசியைப் பாத்தா ஊரைக் கூட்டுவார்."

அதிகாரி சிரித்துவிட்டார். "பிடிவாதத்துக்கெல்லாம் இதுல கட்டம் இல்லை மேடம். ஆனாலும் பிரமாதமான கற்பனை உங்களுக்கு!"

பெண்மணி ஒரு வலி மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். "இப்போ இதை எழுதிப் பாருங்க."

எழுதியதுதான் தாமதம், திரை முழுக்கச் சிவப்பு. 'இரண்டும் சேர்ந்தால் உள்ளே ரத்தக் கசிவு ஏற்படலாம். கொடுக்க வேண்டாம்!'

"எப்படி?" அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

பெண்மணியின் முகத்திலோ ஈயாடவில்லை. "அப்புறம் ஏன்..." என்று ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டு, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"தம்பி, வால்வுக்குச் சாப்பிடற மாத்திரையை எங்கே எழுதினீங்க?"

"'ஏற்கெனவே சாப்பிடும் மருந்து'ங்கற கட்டத்துல."

"கீழே நீளமா ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு?"

"பொதுக்குறிப்பு மேடம். டாக்டர் மனசுல பட்டதை எழுதிக்கலாம்."

"அவசரத்துல டாக்டர் அந்த மாத்திரையை அங்கே எழுதிட்டார்னு வெச்சுக்கங்க. இப்போ செஞ்சு பாருங்க."

இவ்வளவுதானா என்கிற மாதிரி அதிகாரி மாற்றி எழுதினார். வலி மாத்திரையைச் சேர்த்தார். சிவப்பு வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'மருந்து பதிவாகிவிட்டது, நன்றி' என்று திரை பச்சையில் பல்லிளித்தது.

"ஏன் தம்பி, அங்கே எழுதினா கம்ப்யூட்டர் படிக்காதா?"

"படிக்காது மேடம். அது மனுஷங்க படிக்கறதுக்கு."

"மனுஷங்க படிக்கறாங்களா?"

அதிகாரிக்கு ஏ.சி. அறையிலும் வியர்த்தது. எத்தனை டாக்டர்கள் அந்தக் கட்டத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"அடுத்து வர்ற டாக்டர் குறிப்பைத் திறந்து பாக்கலை. சிவப்பும் வரலை. அவர் என்ன நினைப்பார்?"

"எல்லாம் சரியா இருக்குன்னு..."

"நர்ஸ்கிட்ட கேட்டா?"

"கம்ப்யூட்டரே ஒண்ணும் சொல்லலை, நீங்க ஏன் பயப்படறீங்கன்னு..."

"அதேதான் சொன்னாங்க," என்று பெருமூச்சு விட்டார் பெண்மணி.

பயத்தில் அதிகாரியின் காதில் அது சரியாக ஏறவில்லை. "மேடம், சத்தியமா இப்படி ஒரு ஓட்டை இருக்கறது எனக்குத் தெரியாது. இத்தனை நாள் நாங்க யாரும் இப்படிப் போட்டுப் பாக்கலை. இன்னிக்கே அடைச்சுடறேன். ரிப்போர்ட்ல மட்டும் ஃபெயில்னு எழுதிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"ரிப்போர்ட்டா? அதெல்லாம் எனக்கு எழுதத் தெரியாது தம்பி. அவ்வளவு சந்தேகமா இருந்தா கம்ப்யூட்டர் ரூம்ல போய்க் கேட்டுக்கங்கன்னு நர்ஸ்தான் அனுப்பினாங்க."

பெண்மணி இவ்வளவு நேரம் இறுக்கி மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்தார். அதில் இன்னும் பிரிக்காத ஒரு மாத்திரை இருந்தது.

"வீட்டுக்காரர் மாடி வார்டுல முழங்கால் வலி தாங்காமக் கத்திக்கிட்டிருக்கார். இதை அவருக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா?"