அன்செல்மோவின் சாட்சியம்

மெக்சிகோவின் வடகோடியில் இருந்த எங்கள் ஊரில் நிர்வாகம், நீதி இரண்டையும் பார்த்தவர் அல்கால்தே எவாரிஸ்தோ. அவருடைய கைத்தடி யார் வாசலுக்கு வந்தாலும் அவர்கள் உடனே கிளம்பி அவர்முன் வந்தாக வேண்டும்.

தன் சோளவயலின் எல்லைக்கல்லைப் பண்ணைக்காரர் கிரிசாந்தோ நகர்த்திவிட்டதாகக் கைம்பெண் ரெஃபூகியா முறையிட்டாள்.

"கல்லை நட்டது யாரும்மா?" என்று அல்கால்தே கேட்டார்.

"என் வீட்டுக்காரர் அன்செல்மோங்க."

"அப்போ கல்லறைக்கு ஆள் அனுப்புங்க," என்று கிரிசாந்தோ சிரித்தார்.

எவாரிஸ்தோ சிரிக்கவில்லை. தடியைக் காவலரிடம் நீட்டினார். "போய்க் கூட்டிட்டு வா."

உச்சிவெயிலில் அன்செல்மோ தடியோடு வந்து நின்றார். தலையெல்லாம் மண். கூட்டம் சுவரோரம் ஒதுங்கியது. அல்கால்தே எல்லோரையும் போலவே அவரையும் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய வைத்தார்.

"வாய்க்கால் ஓரத்துல நட்டேங்க," என்றார் அன்செல்மோ.

கல்லைத் திரும்ப அங்கேயே நட்டுவிடுவதாகக் கிரிசாந்தோ அப்போதே ஒப்புக்கொண்டார்.

"நான் போகலாமாங்க?" என்று அன்செல்மோ கேட்டார். ரெஃபூகியா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அல்கால்தே அவளைப் பார்த்தார். "தீர்ப்பு சொல்ற வரைக்கும் சாட்சி ஊரைவிட்டுப் போகக்கூடாது."

அந்தத் தீர்ப்பைச் சொல்லாமலேயே அவர் கிழவராகி இறந்தார். அவர்மேல் இருந்த மரியாதையில், பின்னால் வந்தவர்களும் வழக்கைத் தொடவில்லை.

இன்று காலையும் அன்செல்மோ சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார். ரெஃபூகியாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.